பாதையைக் காப்பது யார்? ஆக்கிரமிப்புப் படைகளும் அவற்றின் லாரிகளும்: கேள்வி பதில்

அந்நிய மண்ணில் நிலைகொண்டிருக்கும் படைக்கு எண்ணெயும் தண்ணீரும் உணவும் வந்து சேரும் பாதைகளைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே பொருளில் வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

வரலாறு படிக்கும் மாணவி: ஒரு வல்லரசின் படையை நேருக்கு நேர் வெல்ல முடியாதவர்கள், அதன் லாரிகளை மட்டும் எப்படி அடிக்க முடிகிறது?

போர் நடக்கும்வரை முன்வரிசை, பின்புலம் என்ற பிரிவு உண்டு. லாரிகள் பின்புலத்தில் ஓடும். நாட்டைப் பிடித்தபின் பின்புலம் என்று ஒன்று கிடையாது. எல்லாச் சாலையும் யாருடைய ஊர் வழியாகவோதான் போகிறது. டாங்கி வயலில் இறங்கி ஓடும். லாரியால் சாலையை விட்டு இறங்க முடியாது. எந்த வளைவில், எந்த நேரத்தில் அடிப்பது என்பதை எதிராளி தீர்மானிக்கிறார்.

இதன் முன்னோட்டம் 2003 மார்ச் 23 அன்று ஈராக்கின் நாசிரியாவில் தெரிந்துவிட்டது. அமெரிக்கப் படையின் 507-ஆவது பராமரிப்புப் பிரிவு, வண்டிகளைப் பழுதுபார்ப்பவர்களும் சமையற்காரர்களும் எழுத்தர்களும் அடங்கிய கூட்டம், வழி தவறி நகருக்குள் நுழைந்தது. 11 பேர் இறந்தார்கள். சுட முயன்ற பலருடைய துப்பாக்கிகள் இயங்காமல் சிக்கிக்கொண்டன.

ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர்: முன்னும் பின்னும் காவல் வண்டிகள் போகின்றன. அப்படியிருந்தும் ஓட்டுநர்கள் ஏன் சாகிறார்கள் ஐயா?

உங்களுக்குத் தெரியாததல்ல: நீண்ட கான்வாயின், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் வண்டி வரிசையின் வேகம் அதிலுள்ள மெதுவான வண்டியின் வேகம்தான். தலை வண்டியும் வால் வண்டியும் அடிபட்டால் நடுவில் இருப்பவர்களுக்குப் போக இடமில்லை. எண்ணெய் டேங்கர் என்றால் இன்னும் மோசம். துளைபட்ட தொட்டியிலிருந்து சிந்துவது சாலையெங்கும் பரவி, பின்னால் வேகமாக வரும் வண்டியின் சக்கரங்களை வழுக்கிவிடும்.

2004 ஏப்ரல் 9-ஐப் பாருங்கள். பக்தாத் விமான நிலையத்துக்கு அவசரமாக எண்ணெய் கொண்டுபோன கான்வாய், அபு கரைப் அருகே பல கிலோமீட்டர் தூரத்துக்குத் தொடர்ந்து சுடப்பட்டது. டேங்கர்களை ஓட்டியவர்கள் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். கையில் ஆயுதம் இல்லை. ஓட்டுநர்கள் ஆறு பேர் கொல்லப்பட்டனர். பிடிபட்ட ஓட்டுநர் ஒருவர் மே 2 அன்று தப்பி வந்தார். பாதையின் ஆபத்தைக் கூலிக்கு வண்டி ஓட்டுபவன் தலையில் கட்டிவிட்டால் படையின் இழப்புக் கணக்கு சிறியதாகத் தெரியும். எனக்கு இதில் கோபம் உண்டு.

ரயில் பாதை லாரியைவிடப் பாதுகாப்பானதா?

இல்லை. தண்டவாளமும் இடம் மாறாது, நேரமும் எல்லாருக்கும் தெரியும். ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பெலாரஸில் 1944 ஜூன் 19 இரவு தொடங்கி, தண்டவாளங்களை ஆயிரக்கணக்கான இடங்களில் கெரில்லாக்கள் தகர்த்தார்கள். சில நாட்களில் சோவியத் படையெடுப்பு தொடங்கியது.

வானம் வழியாக அனுப்பிவிட்டால் வம்பே இல்லையே?

கொஞ்சம் குறையும். ஈராக்கில் 2004 இறுதியில் அமெரிக்கர்கள் அப்படித்தான் பல லாரிகளைச் சாலையிலிருந்து எடுத்தார்கள். ஆனால் சி-130 விமானம் ஒரு நடையில் ஏற்றுவது ஏறத்தாழ 19 டன். எண்ணெயையும் தண்ணீரையும் இப்படிக் கொண்டுபோனால் கட்டுப்படியாகாது. ஓடுதளமும் எதிரியின் பீரங்கிக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். வியட்நாமின் தியன் பியன் பூவில் 1954 மார்ச் இறுதிக்குள் பிரெஞ்சுக்காரர்களின் ஓடுதளம் பயனற்றுப் போனது. மே 7 அன்று முகாம் வீழ்ந்தது.

வணிகம் படித்தவர்: பாதையில் இருக்கும் குழுக்களுக்குப் பணம் கொடுத்துவிடுவது மலிவல்லவா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். காபூலுக்கும் ஜலாலாபாத்துக்கும் இடைப்பட்ட கணவாய்களைத் திறந்து வைத்திருக்க, ஆப்கானிஸ்தானைப் பிடித்திருந்த ஆங்கிலேயர்கள் அங்குள்ள கில்சாய் இனக்குழுத் தலைவர்களுக்கு ஆண்டுதோறும் பணம் கொடுத்துவந்தார்கள். 1841-இல் சிக்கனம் என்ற பெயரில் காபூலில் இருந்த ஆங்கிலேயத் தூதர் மெக்நாட்டன் அதைப் பாதியாக வெட்டினார். கணவாய்கள் மூடிக்கொண்டன. நவம்பரில், பாசறைக்கு வெளியே கட்டியிருந்த தானியக் கிடங்கும் பறிபோனது. சோற்றுக் களஞ்சியத்தை மதிலுக்கு வெளியே வைத்த புத்தியை என்னவென்று சொல்வது! 1842 ஜனவரியில் சுமார் 4,500 வீரர்களும் 12,000 பரிவாரத்தினரும் பனியில் காபூலை விட்டுக் கிளம்பினார்கள். வழியில் பெரும்பாலோர் மாண்டோ பிடிபட்டோ போக, 13-ஆம் தேதி தனியாக ஜலாலாபாத் வந்து சேர்ந்த மருத்துவர் பிரைடனை எல்லாருக்கும் நினைவிருக்கிறது. வெட்டிய பணத்தை யாரும் பேசுவதில்லை.

பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அதே நாட்டில் 2010-இல் பார்த்தோம். அமெரிக்கப் படை, சரக்கு லாரிகளையும் அவற்றின் காவலையும் சேர்த்து 216 கோடி டாலர் மதிப்பில் ஒப்பந்தம் விட்டிருந்தது. லாரி முதலாளிகள் வழியிலுள்ள ஆயுதக் குழுத் தலைவர்களுக்குக் கப்பம் கட்டியதையும், அதில் ஒரு பங்கு தாலிபான்களுக்குப் போயிருக்கக்கூடும் என்பதையும் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று எழுதி வைத்தது. கொடுத்தால் எதிரிக்குத் தீனி, நிறுத்தினால் பாதை அடைப்பு. இடையில் ஒரு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து நாடு கதவைச் சாத்தினால்?

2011 நவம்பர் 26 அன்று ஆப்கான் எல்லையை ஒட்டிய பாகிஸ்தானின் சலாலாவில் நேட்டோ தாக்குதலில் 24 பாகிஸ்தான் வீரர்கள் இறந்தனர். கராச்சி துறைமுகத்திலிருந்து ஆப்கானிஸ்தான் போகும் பாதைகளைப் பாகிஸ்தான் ஏழு மாதம் மூடியது. ரஷ்யா, மத்திய ஆசியா வழியான சுற்றுப் பாதையால் மாதத்துக்கு ஏறத்தாழ 10 கோடி டாலர் கூடுதல் செலவு என்றார் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர். லாரிகள்மேல் குண்டு வீசி அல்ல, ஓர் அரசின் முடிவால் அடைபட்ட பாதை அது.

கண்ணிவெடியைத் தாங்கும் கவச வண்டிகள் வந்துவிட்டனவே, இனி என்ன கவலை?

2007-க்குப் பின் ஆயிரக்கணக்கில் வந்தன. அடிப்பாகம் 'வி' வடிவில் இருப்பதால் வெடியின் விசை பக்கவாட்டில் சிதறும். உயிர்கள் பிழைத்தன, மறுக்கவில்லை. ஆனால் கனமான வண்டி எண்ணெயை அதிகம் குடிக்கும். அதைக் கொண்டுவர மேலும் டேங்கர்கள் வேண்டும். இந்தச் சுழலை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர், 2006-இல் ஈராக்கின் அன்பார் பகுதியில் இருந்த அமெரிக்க மரைன் படைத் தளபதி ரிச்சர்ட் சில்மர். சூரிய சக்தியும் காற்றாலையும் அனுப்புங்கள், சாலையில் டேங்கர்கள் குறையட்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். குளிர்சாதனங்களை ஓட்டும் ஜெனரேட்டர்கள் குடிக்கும் டீசலைக் குறைக்க, பின்னாளில் ஈராக் முகாம்களில் கூடாரங்களின்மேல் வெப்பம் புகாத நுரையைத் தெளித்தார்கள். கவசத்தோடு ஒப்பிட்டால் மிகச் சாதாரண வேலை. பாதையில் ஓட வேண்டிய டேங்கர்களைக் குறைத்தது இதுதான்.