கடன் வாங்குவதற்கு முன் மகளிடம் கேட்க வேண்டியவை

பாளையங்கோட்டையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தில் மகளின் பிளஸ் டூ மதிப்பெண், சென்னைப் பெரியப்பா சொன்ன பொறியியல் கல்லூரி, நிர்வாக ஒதுக்கீட்டுக் கட்டணம், அதற்காக வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கவிருக்கும் கடன் ஆகிய அனைத்தும் விரிவாக உள்ளன. சபைக் கொயரை, அதாவது தேவாலயப் பாடகர் குழுவை, நடத்துவதில்தான் அவளுக்கு நாட்டம் என்பது மட்டும் கடைசி வரியில் தயங்கித் தயங்கி வருகிறது. உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் பெரியப்பா சொல்வது யோசனை மட்டுமே, தவணை கட்டப்போவது நீங்கள். மகளுக்கு விருப்பமில்லாத படிப்புக்காக வீட்டை அடமானம் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இசை படிக்க இப்போதே வெளிநாடு அனுப்பலாமா என்று மகள் கேட்டாலும், கடன் வாங்கித்தான் அனுப்ப வேண்டுமென்றால், என் பதில் அதுவே.

முதலில் அவளுடைய நாட்டம் எதில் என்று தெளிவாக வேண்டும். பாடுவதில் ஆசை இருப்பது வேறு, பிறரைப் பாட வைப்பதில் ஆசை இருப்பது வேறு. நான்கு குரல்கள் சேர்ந்து ஒலிக்கும்போது தாழ்ந்த பெண்குரலான ஆல்ட்டோவில் ஒருவர் அரைச் சுரம் இறங்கிவிட்டதைக் காது பிடிக்கிறதா, பிடித்த பிறகு அவர் முகம் சுண்டாமல் திருத்தத் தெரிகிறதா என்று பாருங்கள். கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனை முடிந்த இரவில் கைதட்டலைப் பற்றிப் பேசுகிறாளா, இரண்டாம் சரணத்தில் உயர்ந்த ஆண்குரலில் பாடும் டெனர்கள் முந்திக்கொண்டதைப் பற்றிப் பேசுகிறாளா என்று கவனியுங்கள். மேடைதான் அவளுக்கு முக்கியம் என்றால் இந்தத் துறை அவளுக்கு வேண்டாம், அதை நானே அவளிடம் சொல்வேன்.

கொயர் மாஸ்டர் என்றால் ஞாயிற்றுக்கிழமை கை அசைப்பவர் என்று உறவினர்கள் நினைக்கிறார்கள். அந்த வேலை இப்போது வெகுவாக மாறிவிட்டது. இணைய அழைப்பில் ஒலி தாமதமாக வந்து சேர்வதால் பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து பாட இயலாது. அதனால் அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர், நடத்துநரின் காணொளியைப் பார்த்தபடி ஒவ்வொருவரும் வீட்டிலேயே தனித்தனியாகப் பதிவு செய்து அனுப்பும் முறையை எடுத்துக்கொண்டார். 2010இல் 12 நாடுகளிலிருந்து 185 பேர் அப்படிப் பாடினார்கள். பெருந்தொற்றுக் காலமான 2020இல் 129 நாடுகளிலிருந்து 17,572 பேர் சேர்ந்தார்கள். எண்ணிக்கையைவிட அதன் பின்னால் இருக்கும் கைவேலைதான் உங்கள் மகளுக்குப் பயன்படும். பாட்டை மியூஸ்ஸ்கோர் என்னும் இலவச மென்பொருளில் நான்கு குரலாக எழுத வேண்டும். ஆல்ட்டோவுக்கான பயிற்சி ஒலிக்கோப்பில் ஆல்ட்டோவை முழு ஒலியிலும் மற்ற மூன்றையும் மெல்லியதாகவும் வைத்து, தொடக்கத்தில் தாள எண்ணிக்கையும் சேர்த்து, வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். எங்கே மூச்சு விடுவது, வரியின் கடைசி ஒற்றை எந்தத் தட்டில் முடிப்பது என்பதையும் குறித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் ‘இயேசுவின் பாதம்’ என்ற வரியின் ‘ம்’ இருபது பேர் வாயிலிருந்து இருபது நேரத்தில் வரும். பதிப்புரிமை முடிந்த மேலைப் பாடல்களின் இசைத்தாள்களை 1998 முதல் கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி என்னும் இணையதளம் இலவசமாகத் தருகிறது. உரிமையுள்ள புத்தகத்தை ஸ்கேன் செய்து குழுவில் பகிரும் வழக்கத்தை மட்டும் அவள் பழகிக்கொள்ள வேண்டாம்.

இதில் தமிழுக்கென்று ஒரு காலியிடம் இருக்கிறது. மேலை மெட்டில் பாடும் சபைப் பாடல்களான பாமாலைகளுக்கு நான்கு குரல் அமைப்பு ஏற்கெனவே உண்டு. தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் வழியில் வந்த கீர்த்தனைகளோ ராகத்தில் அமைந்த ஒற்றை மெட்டுகள். ராகம் சிதையாமல் அவற்றுக்குப் பிற குரல்களை எழுதக் கூடியவர்கள் அரிது. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் மெட்ராஸ் யூத் கொயரைக் கொண்டு தமிழ்ப் பாடல்களைச் சேர்ந்திசையாக்கிக் காட்டியவர், அந்த வழியில் இன்னும் நிறைய நடக்கலாம். அதற்கு மேலை இசையும் கர்நாடக இசையும் ஒருவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே நான் சொல்லும் வழி, உங்கள் உறவினர் யாரும் எண்ணிப் பார்க்காத ஒன்று. சென்னை ராணி மேரி கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியில் பி.ஏ. இசை படிக்கட்டும். அங்கே கற்பிப்பது இந்திய இசை, கொயர் அல்ல என்பீர்கள். அதனால்தான் சொல்கிறேன். ராகமும் தாளமும் அங்கே கிடைக்கும். மாலையில் பியானோவும் மேலை இசைக் கோட்பாடும் கற்று டிரினிட்டி லண்டன் என்னும் அமைப்பு நடத்தும் இசைத் தேர்வுகளை எட்டாம் கிரேடு வரை ஒவ்வொன்றாக எழுதலாம். 1893 முதல் இயங்கிவரும் மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் போன்ற ஒரு கொயரில் குரல் தேர்வு கொடுத்துச் சேர்ந்து, நல்ல நடத்துநர் ஒருவர் ஒத்திகையை எப்படிக் கொண்டுசெல்கிறார் என்று உள்ளேயிருந்தே பார்க்கலாம். அமெரிக்காவிலும் கொயர் நடத்துதலைத் தனிப் பாடமாகப் பெரும்பாலும் முதுநிலையில்தான் படிக்கிறார்கள். எனவே பதினேழு வயதில் அவள் எதையும் தவறவிடவில்லை. பட்டம் முடித்த பிறகு வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி யோசிக்கலாம், அதுவும் உதவித்தொகை கிடைத்தால் மட்டும்.

வருமானத்தைப் பற்றி உங்களை ஏமாற்றப் போவதில்லை. சபைக் கொயரை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த இயலாது, பெரும்பாலான சபைகள் அதை ஊழியமாகவே கருதுகின்றன. சம்பளம் பள்ளியிலிருந்து வரும். கேந்திரிய வித்யாலயாக்களில் தொடக்கநிலை இசை ஆசிரியர் பணிக்கு இசைப் பட்டம் பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம், தனியார் பள்ளிகளும் இசை ஆசிரியர்களை எடுக்கின்றன. இந்தக் காரணத்துக்காகவும் பட்டம் இசையிலேயே இருப்பது நல்லது. பயிற்சி ஒலிக்கோப்பு செய்து தருவதையும் கீர்த்தனைகளுக்குக் குரல் எழுதித் தருவதையும் அவள் கட்டணம் வாங்கிக்கொண்டே செய்யட்டும், “நம்ம பிள்ளைதானே” என்று சும்மா வாங்கிக்கொள்ளும் பழக்கத்தை முதல் பாட்டிலேயே நிறுத்திவிடுங்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை சில உண்டு. பொறியியல் இடத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். இசைப் பட்டச் சேர்க்கைக்கு முன்பயிற்சி எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள், விடுதியில் இடம் உண்டா, மாலையில் ஒத்திகைக்கு வெளியே சென்றுவர அனுமதிப்பார்களா என்று கல்லூரிக்கே நேரில் சென்று கேளுங்கள். மகளையும் கூட்டிச் செல்லுங்கள், கேள்விகளை அவளே கேட்கட்டும். விடுதி அனுமதி கிடைக்காவிட்டால் சென்னையில் இருக்கும் பெரியப்பா வீட்டில் தங்க முடியுமா என்றும் விசாரியுங்கள். பெரியப்பா உதவ விரும்பினால் அந்த உதவி போதும்.