காரல் மீன் இருட்டில் ஏன் மினுங்குகிறது?

கேள்வி: சாயங்காலம் வாங்கிய காரலை அலசி, உப்புப் போட்டு மூடி வைத்துவிட்டுத் தூங்கிவிட்டோம். ராத்திரி கரண்ட் போனதும் அடுப்படிக்குள் போய்ப் பார்த்தால் சட்டி முழுக்க நீலமாக மினுங்குகிறது! மாமியார் பயந்து எல்லாவற்றையும் கொட்டச் சொல்லிவிட்டார். அது விஷமா? பாக்டீரியாக்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு வெளிச்சம் போடுகின்றன என்கிறான் மகன். நிஜமா?
வாசகி, தங்கச்சிமடம்

பதில்: முதலில் சட்டி. அந்த வெளிச்சம் விஷமில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற அளவு மினுங்குகிறது என்றால், மீனின் தோலிலும் குடலிலும் இயல்பாக இருக்கிற ஒளிரும் பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் பெருகிவிட்டன, மீன் ஐஸ் இல்லாமல் ரொம்ப நேரம் கிடந்திருக்கிறது என்று அர்த்தம். கெட ஆரம்பித்த மீனில் உண்டாகும் சில நச்சுகள் கொதிக்க வைத்தாலும் போகாது, அதனால் மாமியார் கொட்டச் சொன்னது நல்லதுதான்.

காரலுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. அதன் உணவுக்குழாயைச் சுற்றி மோதிரம்போல ஓர் உறுப்பு இருக்கிறது, அதற்குள் போட்டோபாக்டீரியம் லியோக்னாதி என்ற ஒளிரும் பாக்டீரியா குடியிருக்கிறது. அடுத்த முறை மீன் ஆயும்போது தலைக்குப் பின்னால் பார்த்து அறுங்கள், தெரியும்.

சரி, பேச்சுக்கு வருகிறேன். மகன் சொன்னது நிஜம்தான், ஆனால் அந்தப் பேச்சு முதலில் பிடிபட்டது விப்ரியோ ஃபிஷ்ஷரி என்ற வேறொரு கடல் பாக்டீரியாவில். 1970-இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் ஆகிய மூன்று ஆராய்ச்சியாளர்கள் அதைப் புது ஊட்டச்சாற்றில் வளர்த்தபோது, எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது, வெளிச்சம் மட்டும் வரவில்லை; கூட்டம் ஓர் அளவைத் தாண்டியதும் சட்டென்று எரிய ஆரம்பித்தது. அப்புறம், நன்றாக வளர்ந்து முடித்த கூட்டத்தின் சாற்றைப் பாக்டீரியா நீக்கி, இளம் கூட்டத்தில் ஊற்றினால் அது முன்கூட்டியே ஒளிர்ந்தது. அப்படியென்றால் சேதி தண்ணீரில்தானே இருக்கிறது! அந்தச் சேதி ஹோமோசெரின் லாக்டோன் என்ற, வளையம் கொண்ட சின்ன மூலக்கூறு வகை என்று 1981-இல் தெரிந்தது.

ஒவ்வொரு பாக்டீரியாவும் அந்த மூலக்கூறை விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. தனியாக இருந்தால் அது கடலில் கரைந்து போய்விடும், பத்தாததற்குக் கடல்நீரின் காரத்தன்மையே அதன் வளையத்தைச் சில மணி நேரத்தில் உடைத்துவிடும். நெருக்கமாக இருந்தால் மூலக்கூறு சேர்ந்து, திரும்ப உள்ளே போய், லக்ஸ்ஆர் என்ற புரதத்தைப் பிடித்து, வெளிச்சத்துக்கான ஜீன்களை முடுக்குகிறது. கூடவே அந்த மூலக்கூறின் உற்பத்தியையும் கூட்டுகிறது. ஒற்றை பாக்டீரியா விளக்கேற்றி யாருக்கு என்ன பயன்? சங்கக் கூட்டத்துக்குப் போதுமான ஆள் வந்தால்தான் தீர்மானம் போடுவார்கள் இல்லையா, அதனால்தான் 1994-இல் இதற்கு 'கோரம் சென்சிங்' என்று பெயர் வைத்தார்கள் (கோரம் என்றால் ஆங்கிலத்தில் கூட்டம் நடத்தப் போதுமான ஆள், சென்சிங் என்றால் உணர்தல்). எனக்கு இதில் தீராத வியப்பு, மூளையே இல்லாத உயிர் தண்ணீரை வைத்துத் தலை எண்ணுகிறதே என்பதுதான்.

ஹவாயில் ஒரு குட்டிக் கணவாய் இந்தக் கூட்டத்தைத் தன் உடம்பில் வைத்து வளர்க்கிறது. தினமும் விடியும்போது பெரும்பகுதியைக் கடலில் துப்பிவிடும், மிச்சமிருப்பவை சாயங்காலத்துக்குள் பெருகி மறுபடி ஒளிரும்.

கேள்வி: இறால் குளத்தில் ராத்திரி வெளிச்சம் தெரிந்தால் ஆபத்தா?
வாசகர், தொண்டி

பதில்: கவனிக்க வேண்டிய விஷயம். அது விப்ரியோ ஹார்வேயி என்ற ஒளிரும் பாக்டீரியாவாக இருக்கலாம், இறால் குஞ்சுகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும். அது மூன்று வகை மூலக்கூறுகளில் பேசுகிறது. அதில் ஒன்றில் போரான் என்ற தனிமம் இருக்கிறது என்று 2002-இல் கண்டார்கள். வெளிச்சத்தை மட்டுமல்ல, நோயுண்டாக்கும் சில புரதங்களையும் இந்தத் தலைக்கணக்கைப் பார்த்துத்தான் அது கூட்டிக் குறைக்கிறது. அதனால் கொல்லாமல் பேச்சை மட்டும் துண்டிக்கும் என்சைம்களை ஆராய்கிறார்கள். உங்கள் குளத்துக்கு இப்போதைக்கு, ஆன்டிபயாட்டிக்கை நீங்களாக வாங்கி ஊற்றாதீர்கள், தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

கேள்வி: துடுப்புப் போட்டால் கடல் பளிச்சென்று மின்னுகிறதே, அதுவும் இதுதானா?
வாசகர், பாம்பன்

பதில்: இல்லை. அது பெரும்பாலும் நாக்டிலூகா போன்ற ஒருசெல் உயிரிகள். ஒரு வாளியில் மொண்டு ஆடாமல் வைத்தால் இருட்டாகிவிடும், விரலை விட்டுக் கலக்கினால் மின்னும். பாக்டீரியா வெளிச்சம், காற்று கிடைக்கிற வரைக்கும், தொடாமலே சீராக எரிந்துகொண்டிருக்கும்.