மஞ்சள் பூ பக்கத்திலேயே தேடினால் பெயர் கிடைக்காது

கேள்வி: காட்டுப் பூக்களை அடையாளம் காண ஒரு கையேடு வாங்கினேன். நிறவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். மஞ்சள் பகுதியில் எல்லாப் படமும் ஒன்றுபோலவே தெரிகிறது. 5,000 பூக்கள் உள்ள பெரிய புத்தகம் ஒன்று விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். படங்கள் அதிகமானதால்தான் திணறுகிறீர்கள்; இன்னும் சில ஆயிரம் சேர்ந்தால் திணறல் கூடத்தான் செய்யும். நீங்கள் நடமாடும் வட்டாரத்துக்கு மட்டுமான கையேட்டைத் தேடுங்கள். அங்கே வளராத செடிகள் புத்தகத்தில் இல்லை என்பதே பாதி வேலையை முடித்துவிடும்.

‘உலகப் பூக்கள் அனைத்தும்’ என்று அட்டையில் போட்டு விற்பவற்றில் பல, இணையத்தில் கிடைத்த படங்களை அள்ளி ஒட்டியவை. இப்போது எழுத்தையும் இயந்திரத்திடம் வாங்கிவிடுகிறார்கள். 2023-ல் இப்படி இயந்திரம் எழுதியதாகச் சந்தேகிக்கப்பட்ட காளான் கையேடுகள் இணையக் கடைகளில் விற்பனைக்கு வந்து, வல்லுநர்கள் எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. அதை நம்பி ஒருவர் காளானைச் சமைத்திருந்தால் என்ன ஆகும்? பூவிலும் அதே ஆபத்து உண்டு. செங்காந்தளின் கிழங்கு கொல்லும் நஞ்சு.

எனவே வாங்கும் முன், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு செடியின் பக்கத்தைப் புரட்டுங்கள். இலை தண்டில் எப்படி அமைந்திருக்கிறது, பூவின் அளவு என்ன, எப்போது பூக்கும், எதோடு குழப்பிக்கொள்வோம் என்பவை இருக்கின்றனவா? ‘அழகிய மலர், மருத்துவ குணம் உடையது’ என்பதோடு நின்றால் கீழே வைத்துவிடுங்கள்.

அப்புறம், நிறத்தில் தொடங்காதீர்கள். உண்ணிச்செடியில் ஒரே கொத்திலேயே மஞ்சளும் இளஞ்சிவப்பும் இருக்கும். பூ முதிர முதிர நிறம் மாறுகிறது. முதலில் இலையைப் பாருங்கள்: கணுவுக்கு ஒன்றா, எதிரெதிராக இரண்டா? பிறகு இதழ்களை எண்ணுங்கள். அவை தனித்தனியா, அடியில் ஒட்டிக் குழலாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இவ்வளவு தெரிந்தாலே பெரும்பாலான படங்கள் கழிந்துவிடும்.

ஆனால் இதழ் எண்ணுவது சூரியகாந்திக் குடும்பத்தில் செல்லாது. இந்த இடத்தில்தான் புதியவர்கள் அத்தனை பேரும் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். வெட்டுக்காயப்பூண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் மஞ்சள், சுற்றிலும் பெரும்பாலும் ஐந்து வெளிர் ‘இதழ்கள்’, ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பல். ஐந்து இதழ்ப் பூ என்று முடிவுகட்டினால் புத்தகத்தில் தவறான பகுதிக்குப் போய்விடுவீர்கள். அந்த ஐந்தும் ஐந்து தனிப் பூக்கள். நடுவிலுள்ள மஞ்சளும் பல குட்டிக் குழல் பூக்கள். நகத்தால் அந்தத் தலையைப் பிளந்து லென்ஸில் பாருங்கள்: ஒவ்வொரு குழலின் வாயிலும் ஐந்து சின்ன மடல், அடியில் விதையாகப் போகும் சூற்பை, அதன் உச்சியில் ரோமம். வெளியே பச்சையாகத் தாங்கி நிற்பதும் புல்லி இதழ் (தனிப் பூவின் அடியிலுள்ள பச்சை இதழ்) அல்ல, பூவடிச் செதில். புல்லி இருக்க வேண்டிய இடத்தில்தான் அந்த ரோமம் இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் 20,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. உங்கள் மஞ்சள் பூக்களில் கணிசமானவை இதைச் சேர்ந்தவையாக இருக்கலாம். ஆகவே மஞ்சள் பூவைக் கண்டால் முதலில் பிளந்து பாருங்கள், பிறகு எண்ணுங்கள்.

‘பெயர்கள் மாறிவிட்டன, புதிய பதிப்புதான் வேண்டும்’ என்று விற்பவர்கள் சொல்வதையும் நம்ப வேண்டாம். ஆவாரை பழைய நூல்களில் காசியா ஆரிகுலேட்டா, இப்போது சென்னா ஆரிகுலேட்டா. செடி மாறவில்லை, அதன் விவரிப்பும் கெடவில்லை. உண்மையில் கோபம் வர வேண்டியது வேறு இடத்தில்: பொதுப் பணத்தில் தொகுத்த அருமையான தாவர விவர நூல்கள் போதிய படமில்லாமல், சாதாரண வாசகருக்கு எட்டாத மொழியில், நூலக அலமாரியில் கிடக்கின்றன. அவற்றை எளிமையாக்கி வெளியிட ஆளில்லாத வெற்றிடத்தில்தான் இந்த வியாபாரிகள் புகுந்துகொள்கிறார்கள்.

சரி, இப்போதைக்குக் கையிலுள்ள புத்தகமே போதும். அடுத்த முறை பூவை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும் அடியிலிருந்தும், இலை தண்டில் சேருமிடத்தையும் படமெடுங்கள்; பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். வீட்டில் ஒப்பிடும்போது படத்தைக் கையால் மூடிவிட்டு விவரிப்பை மட்டும் படியுங்கள். ஒரு வரி பொருந்தாவிட்டாலும் அடுத்த செடிக்குப் போங்கள்.