கம்பி விமானத்துக்கு ஜைரோ வேண்டுமா?

அன்புள்ள அண்ணா,

கம்பியில் சுற்றும் விமானம் பற்றி, அதாவது நடுவில் நின்று கைப்பிடியில் கட்டிய கம்பியால் நம்மைச் சுற்றிப் பறக்கவிடும் மாதிரி விமானம் பற்றி, நீங்கள் எழுதியதைப் படித்து நானும் ஒன்று செய்தேன். மின்மோட்டார், 60 அடி கம்பி. கோவையில் நன்றாகப் பறந்தது. ஊட்டியில் இழுவை போதவில்லை என்று பெரிய ப்ரொப்பல்லர் மாட்டினேன். இப்போது மூக்கைச் சட்டென்று கீழே திருப்பினால் கம்பி தளர்ந்துவிடுகிறது. வாலில் இடவலமாகத் திருப்பும் தகடான ரடரில், விமானம் திரும்புவதை உணரும் ஜைரோவும், அது சொல்கிறபடி ரடரை அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோவும் வைத்தால் சரியாகும் என்கிறான் நண்பன். வைக்கலாமா?

வாசகர், ஊட்டி

அன்புள்ள தம்பி,

வைக்கலாம். ஆனால் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: பெரிய ப்ரொப்பல்லர்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இழுவை குறைந்தது, பெரியதை மாட்டினீர்கள், சரி. ஆனால் சுற்றுகிற ப்ரொப்பல்லர் ஒரு பம்பரம். சாய்த்தால் சாய்த்த பக்கம் போகாது, குறுக்கே ஓடும். வழக்கமான ப்ரொப்பல்லர் (பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரமுள் போலச் சுற்றுவது) என்றால், மூக்கு கீழே போகும்போது விமானம் இடப்பக்கம் திரும்பும். இடது இறக்கைதான் உங்கள் பக்கம் இருப்பதால், அது உங்களைப் பார்த்துத் திரும்புவதாகும். கம்பி தளர்ந்துவிட்டால் கைப்பிடியை என்ன ஆட்டினாலும், மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடான எலிவேட்டருக்குப் போய்ச் சேராது. ப்ரொப்பல்லரின் கனம் கூடக்கூட இந்தத் தொல்லையும் கூடும். தடுக்கவேண்டிய ரடருக்கோ இங்கே காற்றில் பிடிமானம் குறைவு. முதலில் அதே அளவில் கனம் குறைந்த ப்ரொப்பல்லரை மாட்டிப் பாருங்கள்.

அப்புறமும் தளர்ந்தால் ஜைரோ. அதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். திரும்பும் வேகத்தை மட்டும் எதிர்ப்பது ஒரு மோட். பிடித்த திசையை விடாமல் பிடிப்பது இன்னொன்று, ஹெடிங் ஹோல்டு. நான் இரண்டாவதில் விட்டுவிட்டேன். சுற்றுக்கு 5 விநாடி என்றால் விமானம் விநாடிக்கு 72 டிகிரி இடப்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கிறது. (தலைகீழாகப் பறந்தாலும் அதற்கு அது இடப்பக்கம்தான்.) ஹெடிங் ஹோல்டின் கணக்கில் இந்தத் திரும்பல் முழுக்கத் தப்பு, திருத்தப் பார்க்கும். அரைச் சுற்றுக்குள் ரடர் வெளிப்பக்கம் போய் முட்டி நின்றுவிட்டது. விமானம் நண்டு மாதிரி ஒருக்களித்துப் பறந்து என் கையைப் பிய்த்தது.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ப்ரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, விமானத்தை ஏந்திக்கொண்டு, இடது இறக்கை உள்பக்கம் இருக்கும்படி வாசலில் ஒரு வட்டம் நடங்கள். ரடர் வலப்பக்கம் போகவேண்டும். நீங்கள் நின்றதும் பழைய இடத்துக்கு வரவேண்டும். வராவிட்டால் மோட் தப்பு. இடப்பக்கம் போனால் ஜைரோவில் திசையை மாற்றுங்கள். ரடரின் அசைவும் சில டிகிரி போதும்.

எதிர்வீட்டுக்காரர் ஒருமாதிரி பார்ப்பார். பரவாயில்லை.

அன்புடன்,
அண்ணன்