டிராஃபல்கர் கடற்போர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். சிலவற்றுக்குப் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிராஃபல்கர் எங்கே இருக்கிறது? யாருக்கும் யாருக்கும் சண்டை?

ஸ்பெயினின் தென்மேற்குக் கரையில், காதிஸ் துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கும் ஒரு முனை. 1805 அக்டோபர் 21 அன்று பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் 27 போர்க்கப்பல்களும், நெப்போலியனின் கடற்படைத் தளபதி வில்நெவ் தலைமையில் 33 கப்பல்களும் (பிரெஞ்சு 18, ஸ்பானியம் 15) மோதின.

நெல்சனின் திட்டம் எதிரி கனவிலும் நினைக்காதது என்கிறார்களே சார், உண்மையா?

இல்லை. பீரங்கிகள் கப்பலின் இரு விலாக்களிலும் இருப்பதால், இரு தரப்பும் வரிசைகட்டி இணையாகப் போய்ச் சுட்டுக்கொள்வதுதான் அன்றைய வழக்கம். நெல்சன் இரண்டு அணிகளாக வந்து எதிரி வரிசையைக் குறுக்கே அறுத்தார். ஆனால் ஆங்கிலேயர் இப்படித்தான் வரிசையை உடைத்து, பின்பகுதியை வளைக்கப் பார்ப்பார்கள் என்று வில்நெவ் தன் கேப்டன்களுக்கு முன்பே எழுதியிருந்தார். வருவது தெரிந்தும் அந்த மனிதரால் தடுக்க முடியவில்லை. எனக்கு இந்தப் போரில் மனதைப் பிசைகிற இடம் இதுதான்.

தெரிந்தும் ஏன் முடியவில்லை?

பழக்கம்தான் காரணம். பிரிட்டிஷ் கப்பல்கள் ஆண்டுக்கணக்கில் கடலிலேயே கிடந்து எதிரித் துறைமுகங்களை முற்றுகையிட்டிருந்தன. உள்ளே அடைபட்ட மாலுமிகளுக்குப் பாய் கட்டவும் பீரங்கி சுடவும் பயிற்சி ஏது? ஸ்பானியக் கப்பல்களில் ஆள் பற்றாமல் தரைப்படைச் சிப்பாய்களையும் கடலே பார்க்காதவர்களையும் ஏற்றியிருந்தார்கள். இந்தப் பக்கம், இரண்டாவது தளபதி காலிங்வுட் ‘டிரெட்நாட்’ கப்பலில் இருந்தபோது, மூன்றரை நிமிடத்தில் மூன்று முறை ஒரு பக்கப் பீரங்கிகள் முழுவதையும் சுடும் அளவுக்கு ஆட்களைப் பழக்கியிருந்தார்.

நேராகப் போய் நுழைந்தால் முதலில் போகிற கப்பல் அடிவாங்கிச் சாகாதா?

நல்ல கேள்வி. அடி வாங்கத்தான் செய்தது. அன்று காற்று மிக மெல்லியது. ஆள் நடக்கிற வேகம்தான். நெல்சனின் ‘விக்டரி’ சுமார் 40 நிமிடம் திருப்பிச் சுட வழியில்லாமல் குண்டுகளுக்குள் ஊர்ந்தது. நெல்சனின் செயலாளர் மேல்தட்டிலேயே இறந்தார். சுக்கான் சக்கரம் சிதறியது. கீழ்த்தட்டில் ஆட்கள் கூடி நின்று சுக்கானைக் கையால் இழுத்துத் திருப்பினார்கள். ஒரு குண்டுகூடச் சுடும் முன்பே கிட்டத்தட்ட 50 பேர் விழுந்துவிட்டார்கள்.

அப்புறம் வில்நெவின் ‘புசென்டோர்’ கப்பலின் அமரத்தை ஒட்டி, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் கடந்தது. அமரம் என்பது பின்பக்கம். அங்கே தடித்த பலகைச் சுவர் கிடையாது, கண்ணாடி ஜன்னல்கள்தான். ‘விக்டரி’யின் மேல்தட்டுக் குட்டைப் பீரங்கியில் ஒரு பெரிய குண்டும் 500 துப்பாக்கி ரவைகள் அடைத்த ஒரு பீப்பாயும் திணித்திருந்தார்கள். அது அந்த ஜன்னல் வழியே பாய்ந்தது. பின்னால் நுழைந்த குண்டு அணியம், அதாவது கப்பலின் முன்பக்கம், வரை தட்டின் முழு நீளத்துக்கும் ஓடும், நடுவில் தடுக்க எதுவும் இல்லை. நாற்பது நிமிடம் பொறுத்தது இந்த ஒரு வாய்ப்புக்காகத்தான்.

பதக்கங்கள் மின்னியதால்தான் நெல்சன் சுடப்பட்டாரா?

அவர் போட்டிருந்தது துணியில் தைத்த நட்சத்திரங்கள் உள்ள பழைய கோட்டு. அந்தப் புகையில் குறிபார்த்துத்தான் சுட்டார்கள் என்று சொல்ல முடியாது. ‘ரெடூட்டபிள்’ என்ற பிரெஞ்சுக் கப்பலின் பாய்மர மேடையிலிருந்து வந்த ரவை தோளில் நுழைந்து முதுகெலும்பில் தங்கியது. பகல் ஒன்றேகால் மணி வாக்கில் அடிபட்டவர், நாலரைக்கு, வெற்றிச் செய்தி கேட்ட பிறகு இறந்தார்.

இங்கிலாந்தை நெப்போலியனிடமிருந்து காப்பாற்றியது இந்தப் போர்தானே?

பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள், ஆனால் தேதிகள் ஒத்துவரவில்லை. நெப்போலியன் ஆகஸ்டிலேயே படையை ஆங்கிலக் கால்வாய்க் கரையிலிருந்து கிளப்பிக் கிழக்கே கொண்டுபோய்விட்டார். டிராஃபல்கருக்கு முந்தைய நாள்தான் உல்ம் நகரில் ஆஸ்திரியப் படை அவரிடம் சரணடைந்தது. தரையில் அவர் கை ஓங்கியே இருந்தது. கடலில்தான் அதன்பின் பிரிட்டனை நேருக்கு நேர் எதிர்க்க ஒரு பெரிய கப்பற்படை வரவில்லை.

நெல்சன் நம்ம ஊர்ப் பக்கம் வந்திருக்கிறாரா அண்ணா?

வந்திருக்கிறார். பதின்வயதில், 1774இல், ‘ஸீஹார்ஸ்’ கப்பலில் சென்னைக்கு. பிறகு கடும் காய்ச்சலில் படுத்து ஊருக்கு அனுப்பப்பட்டார்.

பிடிபட்ட கப்பல்கள் என்ன ஆயின?

17 பிடிபட்டன, ஒன்று வெடித்துச் சிதறியது. பிரிட்டன் ஒன்றையும் இழக்கவில்லை. ஆனால் மறுநாளே புயல். நெல்சன் சாகும் முன் நங்கூரம் போடச் சொல்லியிருந்தார். ஆனால் பல கப்பல்களின் நங்கூரங்களே சேதமாகியிருந்தன. நான்கு தட்டுப் பீரங்கிகள் கொண்ட பெரிய ஸ்பானியக் கப்பல் ‘சாண்டிசிமா டிரினிடாட்’ மூழ்கும்போது, போரில் அதைச் சுட்ட பிரிட்டிஷ் மாலுமிகளே காயம்பட்டவர்களைக் கயிற்றில் கட்டிப் படகில் இறக்கினார்கள். எல்லோரையும் இறக்க நேரமில்லை. கடைசியில் ஜிப்ரால்டர் போய்ச் சேர்ந்தவை நான்கே.