ப்ராசஸ் கண்ட்ரோல் பாடத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: வேதிப் பொறியியல் மாணவர்களுக்கு ப்ராசஸ் கண்ட்ரோல் (ஆலையில் வெப்பம், ஓட்டம், மட்டம் போன்றவற்றை வேண்டிய அளவில் வைத்திருக்கும் முறை) ஏன் வெறும் கணக்குப் பாடமாகவே நின்றுவிடுகிறது? எப்படி நடத்தினால் புரியும்?

பல வருடங்களாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். ஆரம்பத்தில் நானும் முதல் வகுப்பிலேயே, நேரத்தோடு மாறுவதை எளிய இயற்கணிதமாக்கும் லாப்லாஸ் மாற்றத்தைத்தான் எடுத்தேன். பிள்ளைகள் கணக்கை அழகாகப் போட்டார்கள். ஆனால் வைவாவில், "வெப்பம் ஏறினால் இந்த வால்வு திறக்குமா, மூடுமா?" என்று கேட்டால் பதில் வராது.

யோசித்துப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. கண்ட்ரோலுக்கு முன்னால் அவர்கள் படிக்கும் பொருள் சமநிலை, வெப்பச் சமநிலை, பிரித்தெடுத்தல் எல்லாமே பெரும்பாலும் நிலைத்த நிலையில் போடும் கணக்குகள். உள்ளே வந்தது வெளியே போய்விடும், அவ்வளவுதான். கடிகாரத்துக்கு அங்கே வேலையே இல்லை. நேரம் என்ற ஒன்று திடீரென்று வந்து உட்காரும் பாடம் இது. ஆக, முதலில் பழக்க வேண்டியது நேரத்தைத்தான்.

இப்போது முதல் வாரம் ஆய்வகத்தில் கண்ட்ரோலரை (வெப்பமானியைப் பார்த்து ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கும் கருவி) ஆட்டோவில் போட யாரையும் விடுவதில்லை. ஒரு சிறிய தொட்டி, அதில் ஹீட்டர், அதிலிருந்து 6 மீட்டர் குழாய், குழாயின் கடைசியில் வெப்பமானி. தண்ணீர் நொடிக்கு 20 சென்டிமீட்டர் நகர்கிறது. "வெப்பமானி 50 டிகிரி காட்டணும், நீதான் கண்ட்ரோலர்" என்று ஒரு மாணவியிடம் குமிழைக் கொடுத்தேன். கொஞ்சம் திருப்பினாள். முள் அசையவில்லை. இன்னும் திருப்பினாள். அப்போதும் அசையவில்லை. கடைசிவரை திருப்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் முள் விறுவிறுவென்று ஏறி 50ஐத் தாண்டியது. பதறி அணைத்தாள், அப்புறமும் ஏறிக்கொண்டே போனது. நாலைந்து முறை ஏறி இறங்கிய பிறகுதான், கொஞ்சமாகத் திருப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "ஏம்மா நிக்கிற?" என்றேன். "இப்ப திருப்பினது அங்க போய்ச் சேரணும்ல சார்" என்றாள்.

அந்த இடத்தில்தான் பலகையில் டெட் டைம் என்று எழுதினேன், அதாவது திருப்பியது வெப்பமானிக்குப் போய்ச் சேரும்வரை ஆகும் நேரம். 6 மீட்டரை 0.2ஆல் வகுத்தால் 30 நொடி. 1942ல் ஸீக்லரும் நிக்கல்ஸும் வெளியிட்ட ட்யூனிங் விதியை (கண்ட்ரோலரின் அமைப்புகளை எவ்வளவு வைப்பது என்று சொல்வது) பிறகு காட்டினால், அதில் டெட் டைம் ஏன் வகுக்கும் இடத்தில் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. குழாய் இரண்டு மடங்கு நீண்டால் கெயின் (பிழைக்கு ஏற்ப எவ்வளவு திருப்புவது என்ற அளவு) பாதியாக வேண்டும் என்பது அவர்கள் கைக்கே தெரிந்துவிடுகிறது. (அந்த விதி ஒவ்வொரு அலையும் முந்தையதில் கால் பங்காகத் தேயும்படி வகுத்தது. பல இடங்களில் அந்த ஆட்டமே அதிகம். அதை ஆரம்பப் புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.)

லாப்லாஸை நான் விடவில்லை. மூன்றாவது வாரம் வருகிறது, ஏற்கெனவே கண்ணால் பார்த்ததைச் சுருக்கி எழுதும் முறையாக.

இன்னொரு கேள்வியை ஒவ்வொரு வருடமும் கேட்பேன். வெப்பம் உமிழும் ரியாக்டர், அதன் குளிர்நீர்க் குழாயில் காற்றழுத்தத்தால் இயங்கும் வால்வு. வால்வை இயக்கும் அந்தக் காற்று (இன்ஸ்ட்ருமென்ட் ஏர்) நின்றுபோனால் அது எப்படி நிற்க வேண்டும்? திறந்துதான் நிற்க வேண்டும், இல்லையென்றால் ரியாக்டர் கைமீறிப் போகும். அப்படியானால், கண்ட்ரோலரிலிருந்து வரும் மின்சைகை அதன் குறைந்த அளவான 4 மில்லி ஆம்பியரில் இருக்கும்போது முழுசாகத் திறந்தும், அதிக அளவான 20ல் மூடியும் இருக்கும் வால்வு அது. வெப்பம் ஏறும்போது கண்ட்ரோலரின் வெளியீடு இறங்க வேண்டும். பாதி வகுப்பு "ஏறணும்" என்றுதான் சொல்லும். ஆலையில் இந்த ஒரு அமைப்பைத் தலைகீழாக வைத்துவிட்டால் எந்த ட்யூனிங்கும் காப்பாற்றாது. அதனால் இதற்கு ஒரு முழு வகுப்பையே ஒதுக்குகிறேன்.

எல்லாவற்றையும் செட் பாயிண்டிலேயே (வேண்டும் என்று வைத்த அளவிலேயே) இறுக்கிப் பிடிக்கும் பழக்கத்தையும் உடைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு யூனிட்டுகளுக்கு நடுவே உள்ள இடைத்தொட்டியில் மட்டம் ஆடினால் ஆடட்டும். அடுத்து இருக்கும் டிஸ்டிலேஷன் கோபுரத்துக்குப் போகும் ஓட்டம் ஆடக்கூடாது, தொட்டி இருப்பதே அதற்குத்தான். மட்டத்தைக் கோடு போட்டதுபோல நிறுத்திக் காட்டும் விடைக்கு நான் மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு, ஓட்டத்தின் வரைபடத்தைக் கேட்பேன்.