வெள்ளி, வாழை மரம், பரோட்டாக் கல்: பொருளியல் கேள்வி-பதில்

இந்த முறை சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதி தங்கத்தைப் பற்றி. விலை ஏறும்போதெல்லாம் இப்படித்தான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் கூட்டத்தைப் பார்த்தால், ஒரு நாட்டுக்கும் தங்கம்தானே செல்வம் என்று தோன்றுகிறது. சரியா? (ஈசூன் வாசகர்)

ஐரோப்பிய அரசர்கள் வெகுகாலம் அப்படித்தான் நம்பினார்கள். நிறைய விற்க வேண்டும், குறைவாக வாங்க வேண்டும், வந்த தங்கத்தையும் வெள்ளியையும் கஜானாவில் பூட்ட வேண்டும். அமெரிக்கக் கண்டத்துச் சுரங்கங்களிலிருந்து கப்பல் கப்பலாக வெள்ளி அள்ளிய ஸ்பெயினில் விலைவாசிதான் ஏறியது. போர்ச் செலவு தாங்காமல் 1557இல் அரசு கடன்காரர்களிடம் கையை விரித்தது. பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட 'நாடுகளின் செல்வம்' நூலின் முதல் வரியே உழைப்பைப் பற்றியதுதான்: ஒரு நாட்டு மக்கள் ஆண்டு முழுக்கச் செய்யும் வேலைதான் அவர்கள் அனுபவிக்கும் எல்லாவற்றுக்கும் ஊற்று. மகள் கல்யாணத்துக்கு நகை வாங்குவது வேறு கணக்கு. அதில் நான் தலையிடுவதாக இல்லை.

தமிழ்நாட்டில் 'டாலர்' என்கிறார்கள். நாம் ஏன் 'வெள்ளி' என்கிறோம்?

ஒருகாலத்தில் கையில் புரண்டது வெள்ளிதான். ஸ்பானிய, மெக்சிகோ வெள்ளி நாணயங்கள் இந்தத் துறைமுகத்தில் ஓடின. 1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்றே (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா உள்ளிட்ட பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிக்கு அன்று அந்தப் பெயர்) ஒரு வெள்ளி நாணயம் அச்சானது. உலோகம் போய்விட்டது, பெயர் நம் வாயில் தங்கிவிட்டது.

விலைவாசி இப்படி ஏறுகிறதே, அரசாங்கம் இன்னும் கொஞ்சம் பணம் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்தால் என்ன? (தெம்பனிஸ்)

எங்கள் பாட்டியின் தகரப் பெட்டியில் ஒரு கட்டு நோட்டு இருந்தது. பத்து வெள்ளி நோட்டு, வாழை மரப் படம், 'ஜப்பானிய அரசாங்கம்' என்று ஆங்கில எழுத்து. சிறுவனாக அதை எண்ணிப் பார்த்து நாங்கள் பணக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன். பாட்டி சிரிக்கவில்லை. 1942 முதல் 1945 வரை இங்கே ஆண்ட ஜப்பானியர்கள் அந்த நோட்டை வேண்டிய மட்டும் அச்சடித்தார்கள். பிற்பாடு வந்தவற்றில் வரிசை எண்கூடக் கிடையாது, எழுத்து மட்டும்தான். அரிசி வரத்து சுருங்கிக்கொண்டே போக, நோட்டு மட்டும் பெருகியது. போர் முடிந்ததும் அது வெறும் காகிதம்.

தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1752இலேயே இதைக் கற்பனை செய்து பார்த்தார். ஒரே இரவில் எல்லாருடைய பணமும் ஐந்து மடங்கானால் என்ன ஆகும்? சாமான் பெருகாது, விலைதான் பெருகும். அவர் கற்பனையாகச் சொன்னதை என் பாட்டி நேரில் பார்த்துவிட்டார். இப்போது அரசாங்கத்திடமிருந்து வீடுகளுக்கு வரும் சிடிசி பற்றுச்சீட்டு அச்சடித்த பணமல்ல, வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கிய பணம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நெல் விளையாத ஊர், ஆனால் பணக்கார ஊர். எல்லாவற்றையும் இறக்குமதி செய்வது ஆபத்தில்லையா? (செங்காங் ஆசிரியை)

எங்கள் புளோக் காப்பிக்கடையில் ஒரு தம்பதி பரோட்டாக் கடை வைத்திருக்கிறார்கள். மணிக்கு 60 பரோட்டா வீசுவார் அண்ணன். தே (தேநீர்) ஆற்ற நின்றாலும் 60. அக்காவுக்குப் பரோட்டா 15தான் வரும், தே 45 வரும். இரண்டிலும் அண்ணன்தான் கெட்டி. ஆளுக்கு ஒரு மணி நேரம் பரோட்டா, ஒரு மணி நேரம் தே என்று நின்றால் இரண்டு மணி நேரத்தில் 75 பரோட்டா, 105 தே. அக்கா முழு நேரமும் தே ஆற்றட்டும், அண்ணன் கால் மணி நேரம் மட்டும் கைகொடுக்கட்டும். தே அதே 105, பரோட்டாவும் 105! கூடுதலாக 30 பரோட்டா. அதற்காக யாரும் வேகமாக ஓடவில்லை.

பொருளியல் அறிஞர் டேவிட் ரிக்கார்டோ 1817இல் நாடுகளுக்குப் போட்ட கணக்கும் இதேதான். அவருடைய உதாரணத்தில் துணி, திராட்சை மது இரண்டையும் போர்ச்சுகல் குறைந்த உழைப்பில் செய்யும். ஆனாலும் மதுவில் நின்றுகொண்டு துணியை இங்கிலாந்திடம் வாங்குவதே அதற்கு லாபம். 1819 முதல் தீர்வையில்லாத் துறைமுகமாக நின்ற ஊருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

உங்கள் பயத்திலும் நியாயம் உண்டு. அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் தே கிடையாது. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது நம் கோழிச்சோற்றுக் கடைகள் பட்ட பாடு நினைவிருக்கும். பல நாடுகளில் வாங்கு, கொஞ்சம் இருப்பு வை என்பதெல்லாம் ரிக்கார்டோ கணக்கில் வராத செலவு. கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

தண்ணீர் உயிருக்கே அவசியம், ஆனால் மலிவு. வைரம் ஏன் அந்த விலை?

ஸ்மித்தே கேட்ட கேள்வி. அவர் பதில் எனக்கு நிறைவு தரவில்லை. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, 1871இல், பொருளியல் அறிஞர்கள் ஜெவன்ஸும் மெங்கரும் வழி காட்டினார்கள்: மொத்தப் பயனைப் பார்க்காதே, கடைசியாகக் கிடைக்கும் ஒரு குவளையின் பயனைப் பார். தண்ணீர் நிறைய இருப்பதால் அந்தக் கடைசிக் குவளைக்கு மதிப்பு குறைவு; வைரம் அரிது, அதனால் கடைசிக் கல்லுக்கும் மதிப்பு அதிகம். மலேசியாவின் ஜொகூரிலிருந்து 1,000 காலன் கச்சாத் தண்ணீர் 3 சென்னுக்கு (மலேசியக் காசு) வருவதை இதில் சேர்க்காதீர்கள். அது 1962 ஒப்பந்தத்தின் விலை, சந்தை விலை அல்ல.

நான் துப்புரவு வேலை செய்கிறேன். உழைப்புதான் செல்வம் என்றால் என் சம்பளம் ஏன் இவ்வளவு குறைவு? (அங் மோ கியோ)

அருவருப்பான, கடினமான வேலைக்குக் கூலி கூடும் என்று ஸ்மித் எழுதினார். உங்கள் விஷயத்தில் அது பலிக்கவில்லை. காரணமும் அவர் புத்தகத்திலேயே இருக்கிறது. கூலித் தகராறில் ஓரிரு ஆண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்க முதலாளிக்கு முடியும், தொழிலாளிக்கு ஒரு வாரமே கஷ்டம். கூலியை ஏற்றாதிருக்க முதலாளிகள் எப்போதும் சத்தமில்லாமல் ஒற்றுமையாக இருக்கிறார்கள் என்றும் அவர்தான் சொன்னார். அந்தப் பக்கத்தை அதிகம் பேர் மேற்கோள் காட்டுவதில்லை. இங்கே துப்புரவு நிறுவனங்களின் உரிமத்தோடு படிப்படியாக உயரும் சம்பள முறை 2014இல் கட்டாயமானது. அதன்படி உங்கள் நிலைக்கு உரிய குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று மனிதவள அமைச்சின் தளத்தில் பாருங்கள். சம்பளச் சீட்டில் குறைந்திருந்தால் அதை எடுத்துக்கொண்டு அங்கே போய்ப் புகார் கொடுங்கள்.